பதினேழின் கிரிவலம்

என் அப்பாவுக்கு எட்டு ஆகாது. கத்தரிக்காய் ஆகாதவர்கள் அதைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைப்பார்கள். அப்பா எட்டை உலகத்தின் ஓரத்திலேயே ஒதுக்கி வைத்திருந்தார். அவலூர்பேட்டை ரோட்டில் எங்களுக்கு வேர்க்கடலை மண்டி. ஊர் வழக்கில் மல்லாட்டை மண்டி. வண்டியிலிருந்து மூட்டை இறங்கும்போது அப்பா பக்கத்தில் நின்று எண்ணுவார்: "ஆறு, ஏழு, அடுத்தது, ஒன்பது." மூட்டை தூக்குகிறவர்களும் அப்படியே எண்ணப் பழகிவிட்டார்கள். யாரையாவது காலை எட்டு மணிக்கு வரச் சொல்ல வேண்டுமானால் "ஏழரை தாண்டி வா" என்பார். ஏழரை மட்டும் சனி இல்லையா என்று அம்மா கேட்டால் அவருக்குத் திடீரென்று காது கேட்காது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு லாரி. அப்பா முதன்முதலில் வாங்கியது. நம்பர் பலகையில் இருந்த எண்களைக் கூட்டினால் எட்டு வரும் என்று அப்போது யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. செங்கம் ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் அது கவிழ்ந்து அப்பாவின் இடதுகால் முறிந்த பிறகு, ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த ஒரு மகானுபாவர் கூட்டிக் காட்டினார். எட்டு சனியுடையது, ஒன்பது செவ்வாயுடையது, ஒன்பதைப் பிடித்துக்கொண்டால் ஜெயம் என்றாராம். அந்த ஆள் ஏன் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார் என்று அப்பா கேட்கவில்லை. அடுத்த லாரியின் கூட்டுத்தொகை ஒன்பது. அது ஒரு தடவைகூடக் கவிழாமல் ஓடியது என்பதுதான் அப்பாவின் அசைக்க முடியாத சாட்சி.

இது இப்படியிருக்க, 1981-இல் நான் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டேன்.

நான் கீழ்பென்னாத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் ஆசிரியை. சகாதேவன் அங்கே கணக்கு வாத்தியார். தினமும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் திரும்புவோம். எனக்குக் கணக்கு வேப்பங்காய். அவரோ டிக்கெட் நம்பரைப் பார்த்தால்கூட அது எதனால் வகுபடும் என்று யோசித்து, சில்லறை வாங்க மறந்துவிடுகிற ஆள். சட்டைப் பையில் எப்போதும் சாக்பீஸ் தூள். ஆனால் மனுஷர் சிரித்தால் பஸ்ஸே கொஞ்சம் அகலமான மாதிரி இருக்கும். சாதி, குடும்பம், சம்பளம் எதிலும் குறை இல்லை. அப்பாவே விசாரித்துத் திருப்தியாகித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரை வீட்டுக்கு வரச் சொன்னார்.

காபி வந்தது. அப்பா கேட்டார்.

"தம்பி எந்தத் தேதியில பொறந்தீங்க?"

"பதினேழுங்க."

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். ஒன்றும் ஏழும் என்று உதடு அசைவது எனக்குத் தெரிந்தது. முகம் வாடிப்போயிற்று.

"அது சர்டிபிகேட் தேதியா? ஸ்கூல்ல சேக்கும்போது வாத்தியாருங்க வாய்க்கு வந்த தேதிய போட்டுடுவாங்களே. நெஜத் தேதி வேற எதனா இருக்குமே?"

"ரெண்டும் பதினேழுதாங்க."

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பதினெட்டு என்றிருந்தால் அன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றியிருப்போம். கணக்கு வாத்தியாரைக் காதலித்தால் இதுதான் கதி என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

"தம்பி, உங்க மேல எனக்கு ஒரு குத்தமும் இல்ல," என்றார் அப்பா. "ஆனா எட்டு. போளூர்ல ஒரு எடம் கேட்டுக்கினு இருக்காங்க. பையன் ஒன்பதாம் தேதி. வர ஞாயித்துக்கெழம பதில் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்."

போளூர்ப் பையனை நான் ஒரு கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன். பந்தியில் உட்கார்ந்தால் பாயசம் முடிகிறவரை தலை நிமிராத ஆள்.

சகாதேவன் எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் வாசல் பக்கம் பார்த்தார். வெளியே களத்தில் மல்லாட்டை காய்ந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு குவியல், சுற்றிலும் வெறும் சிமெண்டுத் தரை.

"ஐயா, பதினேழ நீங்க கூட்டித்தான் பாத்திருக்கீங்க. வகுத்துப் பாத்திருக்கீங்களா?" என்றார். பிறகு அம்மாவிடம், "கொஞ்சம் கோலமாவு குடுங்க" என்று கேட்டார்.

அம்மாவுக்கு, அவள் பெயர் எல்லம்மாள், விருந்தாளியிடம் காரணம் கேட்கிற பழக்கம் இல்லை. கொட்டாங்கச்சி நிறையக் கோலமாவு கொண்டுவந்து கொடுத்தாள்.

"ஒரு மூட்டைய பதினேழு பேருக்கு சமமா பிரிச்சா ஆளுக்கு எவ்ளோ வரும்? தசமத்துல போட்டா பதினாறு எலக்கம் வந்து, மறுபடியும் மொதல்லருந்து அதே வரும். அந்தப் பதினாறு எலக்கத்தத்தான் எழுதப் போறேன்" என்று சொல்லிவிட்டு சகாதேவன் குனிந்தார். "இந்தக் குவியல்தான் அண்ணாமலை. மலையச் சுத்தி எட்டு லிங்கம்..." அப்பா முகம் சுளிக்கவும், "எட்டுத் திசையும் சாமி வெச்சதுங்க" என்றார். அப்பா தலையாட்டினார். ஒவ்வொரு பௌர்ணமியும் நொண்டுகிற காலோடு மலை சுற்றுகிறவர் அவர்.

லிங்கத்துக்கு இரண்டிரண்டு இலக்கமாக வலம் போகிற திசையில் எழுதிக்கொண்டே போனார் சகாதேவன். கிழக்கே இந்திர லிங்கத்தில் 05. அடுத்து அக்கினி லிங்கத்தில் 88. பிறகு 23, 52, 94, 11, 76. கடைசியாக வடகிழக்கே ஈசானிய லிங்கத்தில் 47. எழுதி முடித்தபோது முழங்கால் வரை மாவு.

அப்பா அதை ஒரே எண்ணாக, மண்டிக்காரரின் உரத்த குரலில் படித்தார். ஐந்து கோடியே எண்பத்தெட்டு லட்சத்து இருபத்து மூவாயிரத்து ஐந்நூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொரு லட்சத்துப் பதினேழாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. படித்து முடித்து மூச்சு வாங்கினார்.

"முன்னாடி எதுக்குத் தம்பி சுழி? அதுக்கு மதிப்பு கெடையாதே."

"மதிப்பு இல்லீங்க. ஆனா எடம் வேணும். சுழி நவுந்தா சுத்துல ஒரு எடம் கொறஞ்சிடும்."

"அது சரி, அக்கினியில ரெண்டு எட்டு நிக்குதே! அதுவே நெருப்பு."

"அங்க நிக்கறவர தனியா பாக்காதீங்க. மலைக்கு அந்தப் பக்கம் நேரா எதிர்ல யாரு நிக்கறாருன்னு பாருங்க."

அக்கினிக்கு எதிரே வாயு லிங்கம். அங்கே 11. எண்பத்தெட்டும் பதினொன்றும் தொண்ணூற்றொன்பது. அப்பா குவியலை எட்டிப் பார்த்தார். பிறகு இந்திரனையும் வருணனையும் கூட்டினார்: 05, 94. தொண்ணூற்றொன்பது. யமன் 23, குபேரன் 76. தொண்ணூற்றொன்பது. நிருதிக்கும் ஈசானியத்துக்கும் போவதற்குள் அவர் நொண்டல்கூடக் குறைந்துவிட்டது. மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எங்கே சேர்த்தாலும் இரண்டு ஒன்பது.

"இத ரெண்டால பெருக்கினா என்ன வரும்னு பாருங்க" என்று சகாதேவன் கரியால் சுவரில் போட்டுக் காட்டினார். 1176470588235294. வாயு லிங்கத்திலிருந்து கிளம்பி, குபேரன், ஈசானியம், இந்திரன் என்று ஒன்றுகூட வரிசை தப்பாமல் ஒரு வலம். மூன்றால் பெருக்கினால் அதே வாயு லிங்கத்தின் இரண்டாவது ஒன்றிலிருந்து இன்னொரு வலம்.

"ஒண்ணுலருந்து பதினாறு வரைக்கும் எதால வேணா பெருக்குங்க. வரிச மாறாது. கெளம்பற எடம்தான் மாறும். பதினாறு எலக்கம், பதினாறு சுத்து. ஒவ்வொரு எடத்துலருந்தும் ஒரு சுத்து கெளம்பும்."

எனக்கு அதுவரை எண் என்றால் வெறும் தொல்லை. அன்றைக்குத்தான் ஒரு எண் கால் கழுவிக்கொண்டு மலை சுற்றுவதைப் பார்த்தேன். உடம்பு சிலிர்த்தது என்று சொன்னால் தமிழ் வாத்திச்சி கதை விடுகிறாள் என்பீர்கள், ஆனால் சிலிர்த்தது.

அப்பா வியாபாரி. வாயால் சொன்னதை நம்ப மாட்டார். "நான் போட்டுப் பாக்கறேன். என் கையால. பதினாறு எடத்துலருந்தும் பதினாறு சுத்து வந்துச்சுனா, போளூர்க்காரங்களுக்கு வேணாம்னு சொல்றேன். ஒண்ணு கம்மியானாலும் நம்ம பேச்சு இதோட முடிஞ்சுது. சரியா தம்பி?"

"சரிங்க," என்றார் சகாதேவன், என் முகத்தைப் பார்க்காமல். என் கல்யாணத்தைக் கொண்டுபோய் ஒரு எண்ணின் காலில் கட்டிவிட்டு அவர் பாட்டுக்கு மாவைத் தட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

அந்த வாரம் எங்கள் வீடு வீடாக இல்லை. அப்பா கல்லாப்பெட்டிக்கு மேலே சுவரில் கரியால் பெருக்கிக்கொண்டேயிருந்தார். கை உதறும், விடமாட்டார். ஒவ்வொரு பெருக்கல் முடிந்ததும் இலக்கங்களைக் கூட்டிப் பார்ப்பார். ஒவ்வொரு தடவையும் எழுபத்திரண்டு. ஏழும் இரண்டும் ஒன்பது. "கலா, மறுபடியும் ஒன்பது!" என்று மண்டியிலிருந்து கத்துவார். எனக்குச் சிரிப்பு வரும். அதே இலக்கங்கள்தானே, வேறென்ன வரும் என்று கணக்கு தெரியாத எனக்கே புரிந்தது. அப்பாவிடம் சொல்லவில்லை. சந்தோஷமாக இருக்கிறவரை ஏன் கெடுக்க வேண்டும்?

விலை கேட்க வந்தவர்கள் சுவரைப் பார்த்து, மல்லாட்டை விலை கோடிக்குப் போய்விட்டதா என்று விசாரித்தார்கள். களத்தில் எழுதியது காற்றில் கலைந்துவிடும் என்பதால் அம்மா தினமும் காலையில் வாசல் கோலத்தை முடித்த கையோடு அந்த எண்ணையும் போட்டாள். அவளுக்குப் படிப்பு கம்மி. ஆனால் புள்ளிக்கோலம் போடுகிற கைக்கு இலக்கம் என்ன பெரிய காரியம்! ஒரு நாளும் தப்பவில்லை. குவியல் மட்டும் விற்பனைக்குத் தகுந்த மாதிரி ஒரு நாள் பெரிய மலை, ஒரு நாள் குட்டி மலை. எந்த இலக்கத்திலிருந்து ஒரு சுற்று கிளம்பியதோ அங்கே அப்பா ஒரு புளியங்கொட்டை வைத்தார். அம்மா விளக்குமாற்றால் களம் பெருக்கும்போது கொட்டைகளை எடுத்துப் பெருக்கி மறுபடி அதே இடத்தில் வைப்பாள்.

சனிக்கிழமை மத்தியானம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அப்பா களத்தில் தனியாக நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். லாரி கவிழ்ந்த அன்றைக்கு அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அநேகமாக இப்படித்தான் இருந்திருக்கும்.

"எல்லாம் போட்டுட்டேன் கலா. பதினாறு வரைக்கும். ஒரு எடத்துலருந்து மட்டும் யாரும் கெளம்பல."

"எந்த எடம்பா?"

அவர் வடகிழக்கு மூலையைக் காட்டினார். ஈசானிய லிங்கத்தின் நாற்பத்தேழில் ஏழின் மேல் புளியங்கொட்டை இருந்தது. நாலின் மேல் எதுவும் இல்லை. ஈசானிய லிங்கம் சுடுகாட்டை ஒட்டி இருப்பது ஊருக்கே தெரியும்.

"மத்த எடமா இருந்தாகூட பரவால்லனு விட்டிருப்பேன். போயும் போயும் அங்க! சாமியே காட்டிட்டாரு. அந்தப் பையன் வேணாம்மா."

நான் அழுதேன். ஒளித்து மறைத்தெல்லாம் இல்லை, களத்தின் நடுவில் நின்று, மூட்டை தூக்குகிறவர்கள் பார்க்க, பலமாக அழுதேன். ஒரு நாலுக்காக, அதுவும் ஒரு சுண்டுவிரல் நீளத்துக்கு மாவில் போட்ட நாலுக்காக என் வாழ்க்கை போளூருக்குப் போகிறதென்றால் யாருக்குத்தான் அழுகை வராது? அப்பாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் மனம் மாறவில்லை.

மறுநாள் காலையில் சகாதேவன் வந்தார். அம்மா முதல் வேலையாகக் கேசரி கிண்டி வைத்திருந்தாள். "முடிவு என்னவா இருந்தாலும் வந்த புள்ள சாப்ட்டுட்டுப் போவட்டும்" என்றாள். சகாதேவன் சாப்பிடவில்லை. காலி இடத்தைப் பார்த்ததும் அவர் முகமும் மாறியது. "வராம இருக்காதுங்க," என்று மட்டும் சொன்னார். சுவரில் கரி மேல் கரியாக எழுதியிருந்ததில் எது எதனுடைய விடை என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"நான் ஒண்ணு விடாம போட்டேன் தம்பி. கொட்டய பாத்துக்கினே வாங்க, சொல்றேன்." அப்பா களத்துக்கு வந்து ஒவ்வொரு புளியங்கொட்டையாகக் காட்டி, எந்தப் பெருக்கல் எங்கிருந்து கிளம்பியது என்று ஒப்பிக்க ஆரம்பித்தார். நான் வாசற்படியில் உட்கார்ந்து முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தேன். "அஞ்சால பெருக்கினது, வருணன்கிட்ட ரெண்டாவது... இல்ல, அவருக்கு முன்னாடி நிருதியில ரெண்டு. ஆறு, யமன்கிட்ட மூணு. ஏழு, வருணன்கிட்ட நாலு. அடுத்தது. ஒன்பது, நிருதியில அஞ்சு..."

நான் எழுந்து நின்றேன்.

"அப்பா. அடுத்தது எங்கேர்ந்து கெளம்புச்சு?"

"ஒன்பதா? அதான் சொன்னேனே, நிருதி."

"ஒன்பது இல்லப்பா. அடுத்தது."

அப்பா விரல் மடக்கினார்: ஏழு, அடுத்தது, ஒன்பது. மூட்டையை 'அடுத்தது' என்று சொல்லித் தூக்கி வைத்துவிடலாம். மூட்டை எங்கேயும் போகாது. 'அடுத்தது' என்பதால் எப்படிப் பெருக்குவது? இத்தனை வருஷப் பழக்கத்தில் நாக்கு தாண்டியது. நாக்கோடு சேர்ந்து கையும் தாண்டிவிட்டது. பதினாறு சுற்றில் ஒரு சுற்றை அவர் தொடவே இல்லை.

சகாதேவன் சிரிக்கவில்லை. எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது அந்த நிமிஷத்தில்தான். அதுவரை இருந்தது வெறும் பிரியம். கரித்துண்டை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். "நீங்களே போடுங்க."

அப்பா சுவர் முன்னால் நின்றார். பெரிய எண்ணுக்கு நடுவில் இருக்கிற எட்டையெல்லாம் அவர் பொறுத்துக்கொள்வார். தனியாக வந்து நிற்கிற எட்டைத்தான் சேர்க்க மாட்டார்.

"ஏழெட்டு..." என்று சொல்லி நிறுத்தினார். அம்மா பின்னாலிருந்து, "அம்பத்தாறு" என்றாள்.

"எனக்குத் தெரியும்டி," என்றார் அப்பா. அதற்குப் பிறகு நிற்கவில்லை. வலமிருந்து இடமாக இலக்கங்கள் விழுந்துகொண்டே வந்தன. 4705882352941176. ஈசானியத்தின் நாலிலிருந்து கிளம்பி, ஏழு, பிறகு இந்திரனின் சுழி, ஐந்து, அக்கினியின் இரண்டு எட்டு என்று மலையைச் சுற்றி அதே ஈசானியத்துக்கு முன்னால் வந்து முடிந்தது. எட்டாவது லிங்கத்திலிருந்து கிளம்பியது எட்டால் பெருக்கிய சுற்று. அம்மா மடியிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்து நாலின் மேல் வைத்தாள். எனக்கு அங்கேயே கை தட்ட வேண்டும் போலிருந்தது.

அப்பா சகாதேவன் பக்கம் திரும்பினார்.

"பதினாறோட நிறுத்தச் சொன்னீங்களே. பதினேழால பெருக்கினா இன்னா ஆவும்?"

"பாருங்களேன்."

இப்போது அப்பாவுக்கு யாரும் கரி எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஏழு பதினேழு நூற்றுப்பத்தொன்பது: ஒன்பது போட்டு மீதி பதினொன்று. நாலு பதினேழு அறுபத்தெட்டு, பதினொன்றைச் சேர்த்தால் எழுபத்தொன்பது: மறுபடி ஒன்பது. ஆறு பதினேழு, மீதியோடு நூற்றொன்பது: மறுபடி ஒன்பது. அப்பாவின் குரல் மெல்ல மெல்லத் தணிந்துகொண்டே போய், கடைசியில் கரி சுவரில் உரசுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. முடித்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார். பதினாறு இலக்கமும் ஒன்பது. மலையைச் சுற்றி எங்கே நின்று பார்த்தாலும் ஒன்பது.

ஜெயித்துவிட்டோம் என்று நான் குதிக்கப் போனேன். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். அவருக்கு விளக்க வேண்டியது எதுவும் இல்லை. ஒரு மூட்டையைப் பதினேழாகப் பிரித்து, அதே பதினேழால் பெருக்கினால் கிட்டத்தட்ட முழு மூட்டைதானே திரும்பி வரும் என்று அவரே சொன்னார். மண்டிக்காரருக்கு அது தெரியாமலா போகும்!

"கணக்கு சரியா இருக்கு தம்பி. அதுல ஒரு கொறையும் இல்ல. ஆனா பொய் சொல்லக் கூடாது, எனக்கு பயம் போவல. ஒரே பொண்ணு. லாரி கவுந்தப்ப நான் கால் வலின்னு கத்தல, கைக்கொழந்தயா இருந்தாளே இவ, இவள யாரு பாப்பாங்கனு கத்துனேன். அந்த பயம் இது. சுவத்துல எழுதினா போயிடுமா?"

சகாதேவன் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அப்பாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. இருபத்தாறு வயதில் மூட்டை தூக்குகிறவர்கள் முன்னால் அப்படியெல்லாம் செய்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

அப்பா கைக்கரியை வேட்டியில் துடைத்தார். அம்மா சத்தம் போட வாயெடுத்தாள். துடைத்தது வெள்ளை வேட்டி. அதற்குள் அவர், "எல்லம்மா, மாப்பிள்ளைக்கு கேசரி எடுத்துக்கினு வா" என்றார்.

பிறகு என்னைப் பார்த்தார். "பயம் என்னோடது. நான் பாட்டுக்கு ஒரு பக்கம் பயந்துக்கினு இருக்கேன். நீ கட்டிக்கோம்மா."